உங்களைவிடக் கெட்டிக்காரரோடு ஹெட்ஸ்-அப்: போக்கர் ஆட்டத்தில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது

ஒன்பது பேர் மேசையில் நல்ல சீட்டு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். இருவர் மட்டும் மிஞ்சிவிட்டால் (இதுதான் ஹெட்ஸ்-அப்) அந்தச் சௌகரியம் போய்விடும். ஒவ்வொரு கைக்கும் ஏதோ ஒரு பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே போடும் கட்டாயப் பணம்) கட்டியாக வேண்டும். எதிரே இருப்பவர் நம்மைவிட நன்றாக ஆடுபவர் என்று தெரிந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: பயந்து ஃபோல்ட் செய்துகொண்டே, அதாவது சீட்டைக் கைவிட்டுக்கொண்டே போவார்கள். அதற்கு என்ன விலை என்று முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். (இங்கே வெறும் பிளைண்ட் என்றால் பிக் பிளைண்ட். ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி.)

எல்லாக் கையையும் ஃபோல்ட் செய்தால் 2 கைக்கு ஒன்றரை பிளைண்ட் போகும். அதாவது 100 கைக்கு 75 பிளைண்ட். இதை உலகத் தரத்து ஆட்டக்காரர்களின் வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை டக் போல்க், டேனியல் நெக்ரானு இருவரும் 200/400 டாலர் பிளைண்ட் மேசையில் 25,000 கை ஹெட்ஸ்-அப் ஆடினார்கள். போல்க் இந்த வகை ஆட்டத்திலேயே ஊறியவர். அவர் ஏறக்குறைய 12 லட்சம் டாலர் ஜெயித்தார். கேட்கப் பெரிய தொகை, ஆனால் வகுத்துப் பார்த்தால் 100 கைக்குச் சுமார் 12 பிளைண்ட். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்த லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல்கூட 100 கைக்கு 15 பிளைண்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் எடுத்தது.

எதிராளியின் திறமை உங்களிடமிருந்து எடுப்பதைவிட, உங்கள் பயம் எடுத்துக் கொடுப்பது பல மடங்கு அதிகம். ஒரு டோர்னமெண்ட் கடைசியில் 70 கை ஆடினால், 12 என்ற கணக்கில் நீங்கள் பின்தங்குவது 8 பிளைண்ட் சொச்சம். ஒரே ஒரு ஆல்-இன்னில் (எல்லா சிப்ஸையும் வைப்பதில்) 20 பிளைண்ட் கைமாறும் இடத்தில் இது தாங்கக்கூடிய பின்னடைவுதான். உங்களுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி அந்த இருவருக்கும் இருந்ததைவிடப் பெரிதாகவே இருக்கட்டும், கணக்கின் போக்கு மாறாது.

அவருக்கு லாபம் வருவது முக்கியமாக இரண்டு வழிகளில். நீங்கள் சண்டையே போடாமல் விட்டுக்கொடுக்கும் சின்னச் சின்ன பாட்கள் (மேசை நடுவில் சேரும் பணம்) ஒரு வழி. ஸ்டாக் (கையிருப்பு சிப்ஸ்) ஆழமாக இருக்கும்போது டர்னிலும் ரிவரிலும் (நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டுகள்) உங்களை இக்கட்டான முடிவுகளுக்குத் தள்ளுவது இன்னொன்று. மாற்றவேண்டியது எல்லாம் இந்த இரண்டையும் அடைக்கத்தான்: முன்பக்கத்தில், அதாவது ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) முன்பும் ஃப்ளாப்பிலும், அதிகம் சண்டை போடுங்கள். பின்பக்கத்தில் முடிவெடுக்கும் தருணங்களைக் குறையுங்கள்.

பட்டன் உங்களிடம் இருக்கும்போது

ஹெட்ஸ்-அப்பில் பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இடத்தில்) இருப்பவரே ஸ்மால் பிளைண்ட் கட்டுவார். ஃப்ளாப்புக்கு முன் முதலில் பேசுவார், அதன் பிறகு எப்போதும் கடைசியில் பேசுவார். இந்த வரிசையைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மேலே படிக்கும் முன் நான்கு கை ஆடிப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைசியில் பேசும் வாய்ப்பு ஒரு கை விட்டு ஒரு கை இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல ஆட்டக்காரர்கள் ஆழமான ஸ்டாக்கில் பட்டனிலிருந்து 80 சதவீதத்துக்கும் மேல் கைகளை ஆடுவார்கள். நீங்கள் 70-75 சதவீதம் ஆடினால் போதும். ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) அளவு 2 பிளைண்ட், அதிகபட்சம் இரண்டரை. 3 பிளைண்டுக்கு ஏற்றினால் பெரிதாக எதையும் சாதிக்கப்போவதில்லை. அவர் த்ரீ-பெட் (உங்கள் ரெய்ஸின் மேல் மறுபடி ரெய்ஸ்) செய்யும்போது கூடுதலாக ஒரு பிளைண்டை இழப்பீர்கள், அவ்வளவுதான்.

அவர் நான்கில் ஒரு முறைக்கு மேல் த்ரீ-பெட் செய்கிறார் என்றால், உங்கள் ரெய்ஸ் கைகளில் கீழ்மட்டத்தை (10-5, 9-6, 8-5 போன்ற ஒட்டாத சீட்டுகள்) லிம்ப்புக்கு மாற்றுங்கள். பிளைண்டை மட்டும் நிரப்பிவிட்டு ஃப்ளாப் பாருங்கள். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. பலவீனமான கைகளை மட்டும் லிம்ப் செய்தால் வலுவான ஆள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் உங்கள் லிம்ப் ஒவ்வொன்றையும் ரெய்ஸ் அடிப்பார். அதனால் ஏஸ்-10, கிங்-ஜாக், நடுத்தர ஜோடி மாதிரி சில கைகளையும் அதே கூட்டத்தில் கலந்து வைத்து, அவர் ரெய்ஸ் செய்ததும் ஒன்றிரண்டு முறை திருப்பி அடியுங்கள். அதன் பின் லிம்ப்புக்கு மரியாதை வரும்.

எத்தனை பிளைண்ட் மிச்சம் என்பதே உங்கள் ஆட்டம்

இருவரில் யாரிடம் சிப்ஸ் குறைவோ, அந்த அளவுதான் கணக்கு. நீங்கள் 80, அவர் 22 என்றால் ஆட்டம் 22 பிளைண்ட் ஆட்டம். ஸ்டாக் குறையக் குறைய திறமை வித்தியாசமும் சுருங்கும். ஏனென்றால் டர்ன், ரிவர் வருவதற்குள் பணம் உள்ளே போய்விடும், அவர் யோசிக்க இடமிருக்காது.

12 பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால் உங்களுக்குச் சாதகமான களம். பட்டனில் ஆல்-இன் அல்லது ஃபோல்ட், வேறொன்றும் வேண்டாம். இதற்குச் சமநிலை அட்டவணைகள் உண்டு, மனப்பாடம் செய்யத் தகுந்தவை. 10 பிளைண்டில் பட்டன்காரர் சுமார் 58 சதவீதக் கைகளை ஆல்-இன் தள்ளலாம்: எல்லா ஜோடி, எல்லா ஏஸ், எல்லா கிங், இன்னும் நிறைய. பிக் பிளைண்டில் இருப்பவர் அதற்குச் சுமார் 37 சதவீதக் கைகளால் கால் (அதே அளவு போட்டு ஏற்பது) சொல்ல வேண்டும். பட்டனில் இந்த அட்டவணைப்படி தள்ளினால் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதை உடைக்க வழி இல்லை. பலர் சறுக்குவது பிக் பிளைண்டில். கால் அட்டவணை அவர் நேரடியாக ஆல்-இன் தள்ளும்போது மட்டும்தான் செல்லும். அவர் 2 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால் அல்லது லிம்ப் செய்தால் அது வேறு கேள்வி, வேறு விடை.

15 முதல் 25 பிளைண்ட் வரை உள்ள பகுதியில்தான் உங்களிடம் மிக நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது: அவருடைய சின்ன ரெய்ஸின் மேல் ஆல்-இன். வலுவான ஆட்டக்காரர் பட்டனில் நிறையக் கைகளை ரெய்ஸ் செய்வார், அத்தனையாலும் ஆல்-இன்னுக்குக் கால் சொல்ல முடியாது. கணக்கைப் பாருங்கள். இருவரிடமும் 20 பிளைண்ட். அவர் 2-க்கு ரெய்ஸ். பாட்டில் அவருடைய 2, உங்களுடைய 1, ஆக 3. நீங்கள் மீதி 19-ஐயும் தள்ளுகிறீர்கள்.

அவர் 80 சதவீதக் கைகளால் ரெய்ஸ் செய்பவர், அதில் மேல்மட்ட 25 சதவீதத்தால்தான் கால் சொல்வார் என்று வையுங்கள். அப்படியானால் 80-ல் 55, அதாவது 69 சதவீத நேரம் ஃபோல்ட் செய்வார். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு 3 பிளைண்ட். மீதி 31 சதவீதத்தில் கால் வரும். அப்போது உங்கள் வெற்றி வாய்ப்பு 42 சதவீதம்தான் என்று குறைத்தே போட்டால், 40 பிளைண்ட் பாட்டில் உங்கள் பங்கு 16.8, போட்டது 19, நஷ்டம் 2.2. மொத்தத்தில் 2.07 கழித்தல் 0.68, ஒரு தள்ளுக்குச் சராசரி லாபம் கிட்டத்தட்ட 1.4 பிளைண்ட். ஃபோல்ட் செய்திருந்தால் சைபர். கால் வந்தபின் வெற்றி வாய்ப்பு 31 சதவீதம் இருந்தால்கூட இந்தத் தள்ளு கையைக் கடிக்காது.

அதே கணக்கை இன்னொரு ஆளுக்குப் போடுங்கள். அவர் 40 சதவீதக் கைகளை மட்டும் ரெய்ஸ் செய்பவர், கால் அதே 25. இப்போது 40-ல் 15 தான் ஃபோல்ட், அதாவது 37.5 சதவீதம். முன்பு லாபம் தந்த அதே கை இப்போது 0.25 பிளைண்ட் நஷ்டம். ஆகவே தள்ளுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது உங்கள் சீட்டு மட்டுமல்ல. அவர் பட்டனில் இருந்த கடைசி 10 கைகளில் எத்தனை முறை ரெய்ஸ் செய்தார் என்று எண்ணிக்கொண்டே இருங்கள். 7-க்கு மேல் என்றால் ஏஸ் எல்லாம், ஜோடி எல்லாம், கிங்-9-க்கு மேல், குயின்-ஜாக், ஒரே சின்னத்தில் ஜாக்-10 போன்றவை தள்ளத் தகுந்தவை. 4 என்றால் நல்ல ஏஸும் நடுத்தர ஜோடியும் மட்டும்.

40 பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது இந்த ஆயுதத்தை எடுக்காதீர்கள். 'அவரோடு ஃப்ளாப் பார்க்கப் பயம், அதனால் ஆல்-இன்' என்று 50 பிளைண்டைத் தள்ளுபவர்கள் உண்டு. மூன்று பிளைண்டுக்காக 50-ஐப் பணயம் வைத்தால், உங்களைவிட நல்ல கை வரும்வரை அவர் சாவகாசமாகக் காத்திருப்பார்.

காசு மேசையில் ஒரு வசதி: எவ்வளவோடு உட்கார்வது என்பது உங்கள் விருப்பம். அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவோடு, 40 பிளைண்ட் என்றால் 40-ஓடு, உட்காருங்கள். அதைவிட நல்ல யோசனை அந்த மேசையிலிருந்து எழுந்துவிடுவது. டோர்னமெண்டில்தான் எதிராளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. காசு மேசையில் வலுவான ஆளோடு, மேசைக் கட்டணமும் கட்டிக்கொண்டு, வீம்புக்கு உட்கார ஒரு காரணமும் இல்லை.

பிக் பிளைண்டைக் காப்பது

அவர் 2 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால், 4 பிளைண்ட் பாட்டுக்கு நீங்கள் போடுவது 1. தேவை 25 சதவீத வெற்றி வாய்ப்பு. 7-2 என்ற மோசமான கைக்கே எதிராளியிடம் எந்தக் கையாக இருந்தாலும் என்ற கணக்கில் 34 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் கால் சொல்லலாமா? முடியாது. முதலில் பேசும் இடத்தில், உங்களைவிட நன்றாக ஆடுபவரிடம், அந்த 34 முழுதாகக் கைக்கு வராது. பாதி வழியில் ஃபோல்ட் செய்ய வைத்துவிடுவார். 7-2, 8-3, 9-2, 3-2 வகையறாவை விட்டுவிட்டு மீதி ஏறக்குறைய 75 சதவீதத்தை ஆடுங்கள். அவர் 3-க்கு ஏற்றினால் தேவை 33 சதவீதம். அப்போது பாதிக்குச் சற்று மேல் ஆடினால் போதும்.

ஸ்டாக் 40-50 இருக்கும்போது த்ரீ-பெட் பெரிதாக இருக்கட்டும்: அவருடைய 2-க்கு எதிராக 8 அல்லது 9. இது வெறும் வீரம் அல்ல. 50 பிளைண்டில் அவர் 2-க்கு ரெய்ஸ், நீங்கள் கால் என்றால் பாட் 4, இருவரிடமும் மீதி 48. பாட்டைப் போல் 12 மடங்கு பின்னால் இருக்கிறது. மூன்று சுற்றும் அவர் விளையாட்டு. அதே இடத்தில் 9-க்கு த்ரீ-பெட், அவர் கால் என்றால் பாட் 18, மீதி 41. இரண்டேகால் மடங்குதான். இப்போது மேல் ஜோடி கிடைத்தால் ஃப்ளாப்பில் ஒரு பெட், டர்னில் ஆல்-இன், முடிந்தது. மூன்று மடங்குக்குக் கீழே இருக்கும் பாட்டில் மேல் ஜோடியை வைத்துக்கொண்டு ரிவரில் தடுமாற வேண்டிய நிலையே வராது.

ஃப்ளாப்பில்

பிக் பிளைண்டில் கால் சொல்லி வந்தால் ஃப்ளாப்பில் எல்லாக் கையையும் செக் செய்யுங்கள் (பணம் வைக்காமல் விடுங்கள்). முதல் ஆளாகப் பெட் வைக்கும் தனி உத்தியெல்லாம் இப்போது வேண்டாம். அவர் பெட் வைத்ததும் செக்-ரெய்ஸ், அதுதான் உங்கள் அடி.

50 பிளைண்ட், பாட் 4, ஃப்ளாப் 9-6-3, சின்னங்கள் வெவ்வேறு. உங்களிடம் ஜாக்-9. செக். அவர் ஒன்றரை வைக்கிறார். 6-க்கு ரெய்ஸ் செய்யுங்கள். கால் வந்தால் பாட் 16, மீதி 42. டர்னில் 11 வைத்தால் பாட் 38, மீதி 31, ரிவரில் ஆல்-இன் தானாக வந்து நிற்கும். வெறுமனே கால் சொல்லியிருந்தால் டர்னில் ஏஸோ குயினோ விழுந்து அவர் பெரிதாக வைக்கும்போது நீங்கள்தான் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இதே ஃப்ளாப்பில் 8-7, 5-4 இரண்டையும் அதே 6-க்கு ரெய்ஸ் செய்யுங்கள். எட்டு சீட்டுகள் வரிசையை முடிக்கும். ரிவர் வரை போனால் 31 சதவீதம் கிடைக்கும். அவர் ஃபோல்ட் செய்தால் அதுவும் லாபம். நல்ல கையால் மட்டும் செக்-ரெய்ஸ் செய்தால் வலுவான ஆள் ஒரு பைசா தராமல் கழன்றுகொள்வார்.

பட்டனில் நீங்கள் ரெய்ஸ் செய்து வந்திருந்தால் வேலை எளிது. கிங்-7-2 மாதிரி வறண்ட ஃப்ளாப்பில் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட எல்லாக் கையோடும். அவர் நான்கில் ஒரு முறை ஃபோல்ட் செய்தாலே அந்தப் பெட்டுக்கு நஷ்டமில்லை. ஜோடி இல்லாத இரண்டு சீட்டு மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் ஜோடி சேராது. 8-7-6 மாதிரி ஒட்டிய ஃப்ளாப்பில் அடக்கம் நல்லது. பாதிக் கைகளைச் செக் செய்துவிடுங்கள்.

ரிவரில் அவர் பெரிதாக வைத்தால்

பாதி பாட் பெட்டுக்குக் கால் சொல்ல 25 சதவீதம், முழு பாட்டுக்கு 33, இரண்டு பாட்டுக்கு 40 சதவீதம் ஜெயித்தால் போதும். இந்த மூன்று எண்ணும் விரல் நுனியில் இருக்கட்டும். மனிதரின் முகத்தைப் பார்த்து ஊகிக்க முயலாதீர்கள், அந்த விளையாட்டில் அவர் உங்களுக்கு முன்பே வந்தவர். உங்கள் கையில் உள்ள சீட்டைக் கேளுங்கள்.

மேலே சொன்ன 9-6-3 ஃப்ளாப்பில் இந்த முறை வெறும் கால் சொன்னீர்கள். டர்னில் கிங், ரிவரில் இன்னொரு 3. மூன்று சுற்றும் பெட் வைத்து, கடைசியில் பாட் அளவுக்கு அடிக்கிறார். உங்களிடம் ஜாக்-9 இருந்தாலும் 9-8 இருந்தாலும் வலு ஒன்றே: 9 ஜோடி, 3 ஜோடி, மேசையில் உள்ள கிங். ஆனால் முடிவு ஒன்றல்ல. அவருடைய பிளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுவது) பெரும்பாலும் 8-7, 10-8 மாதிரி முடியாமல் போன வரிசைகள். உங்களிடம் ஒரு 8 இருந்தால் அந்தப் பிளஃப்களில் பலவற்றை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள்; அவரிடம் உண்மையான கை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே 9-8, 9-7 ஃபோல்ட். ஜாக்-9, குயின்-9 கால். இதிலும் முடிவு வராமல் நடுவில் நிற்கும் கை என்றால் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பாருங்கள். முதல் 30 விநாடிக்குள் இருந்தால் கால், இல்லையேல் ஃபோல்ட். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் விநாடி முள்ளின் மனதை யாராலும் படிக்க முடியாது.

நீங்கள் பிளஃப் செய்ய அஞ்ச வேண்டாம். எதற்கும் கால் சொல்லும் கத்துக்குட்டியிடம்தான் பிளஃப் வீண். நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஃபோல்ட் செய்யத் தெரியும். 2003 போக்கர் உலகத் தொடர் இறுதியில் கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர் தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹாவை எதிர்த்து ஆடியபோது, 9-2-6-8-3 மேசையில் கிங்-7-ஐ வைத்துக்கொண்டு ரிவரில் ஆல்-இன் தள்ளினார். வரிசையும் சேரவில்லை, ஸ்பேடும் சேரவில்லை. ஃபார்ஹாவிடம் குயின்-9, அதாவது மேல் ஜோடி. நெடுநேரம் யோசித்து ஃபோல்ட் செய்தார். அந்தக் கை எந்த மாதிரியானது என்பதைக் கவனியுங்கள்: டர்னில் நிறைய வாய்ப்பு இருந்து, ரிவரில் ஒன்றும் சேராமல், காட்டினால் ஜெயிக்க வழியில்லாத கை. அந்த வகையைத்தான் பிளஃபுக்கு எடுக்க வேண்டும். சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு பிளஃப் செய்யாதீர்கள், அதைச் செக் செய்து காட்டினாலே சில முறை ஜெயிக்கும். அளவு: பாட் அளவு பெட்டில் இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப், பாதி பாட்டில் மூன்றுக்கு ஒன்று.

நேரில் ஆடினால் எல்லா முடிவுக்கும் ஒரே நேரம் எடுங்கள். மனதில் ஐந்து எண்ணிவிட்டுப் பேசுங்கள், சிப்ஸை எப்போதும் ஒரே மாதிரி தள்ளுங்கள்.

அவரும் சும்மா இருக்கமாட்டார். ஐந்தாறு முறை ஆல்-இன் தள்ளியதும் இரண்டில் ஒன்று நடக்கும்: ரெய்ஸைக் குறைப்பார், அல்லது குயின்-10 போன்றவற்றாலும் கால் சொல்லத் தொடங்குவார். முதலாவது நடந்தால் உங்களுக்கு நிறைய இலவச பிளைண்ட் கிடைக்கிறது, தள்ளுவதைக் குறைத்துக்கொண்டு அதை அனுபவியுங்கள். இரண்டாவது நடந்தால் குயின்-ஜாக், ஜாக்-10 மாதிரி கைகளைத் தள்ளும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஏஸ்களை மட்டும் அதிகமாக வைத்திருங்கள். கைகள் காட்டப்படும்போது அவர் எதனால் கால் சொன்னார் என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்கு பிரிப்பு பேசலாமா?

நடத்துபவர்கள் அனுமதித்தால் பேசலாம், கூச்சப்படாதீர்கள். முதல் பரிசு 100 பங்கு, இரண்டாவது 60 என்று வையுங்கள். இருவருக்கும் 60 உறுதி. போட்டி மீதி 40-க்குத்தான். உங்களிடம் 40 சதவீத சிப்ஸ் இருந்தால், இருவரும் சமமாக ஆடுபவர்கள் என்ற கணக்கில் உங்களுக்கு 60-உம் 16-உம் சேர்த்து 76, அவருக்கு 84. அவர் வலுவானவர், உங்கள் உண்மையான வாய்ப்பு 37 சதவீதம்தான் என்று வைத்தால் 74.8. ஆகவே அவர் 75 என்று இறங்கிப் பேசினாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம், 72 என்றால் வேண்டாம், ஆடுங்கள். பேசுவதற்கு முன் சிப்ஸை இருவரும் எண்ணி ஒப்புக்கொள்ளுங்கள், கண்ணளவில் பிரித்து விட்டுப் பிறகு சண்டை போடுபவர்கள் அதிகம். பிளைண்ட் ஏறிய பின் கேட்பதைவிட ஏறுவதற்கு முன் கேளுங்கள்: ஸ்டாக் இன்னும் ஆழமாக இருக்கும்போதுதான் அவருக்குச் சாதகம் அதிகம், அதனால் பிரிப்பும் உங்களுக்கு அப்போதுதான் தேவை; பிளைண்ட் ஏறியதும் 10 பிளைண்ட் ஆட்டம் ஆகிவிட்டால் பிரிப்பதற்கு உங்களுக்கே அவசியம் இருக்காது.